எடுக்காத கடிதம்

நாற்பத்தொன்று. சுவரில் மாட்டிய பெட்டியில் சிவப்பு எழுத்து முப்பத்தைந்து என்கிறது. இடையில் ஐந்து பேர். ஆளுக்குப் பத்து நிமிடம் என்று வைத்தால் ஐம்பது, ஆனால் முப்பத்தைந்தாம் ஆள் உள்ளே போய்க் கனநேரம், தாய் வயிற்றில் கிடந்த காலத்திலிருந்து சொல்லத் தொடங்கினானோ தெரியாது. பன்னிரண்டு மணிக்கு இந்தச் சட்ட உதவிக் கந்தோரைப் பூட்டிவிடுவார்கள். கிழமையில் இரண்டு நாள்தான் திறப்பது, புதனும் வியாழனும், இன்றைக்கு வியாழன். ஒரேயொரு கேள்வியோடுதான் வந்திருக்கிறேன். தபால்காரன் வந்தது திங்களா, செவ்வாயா. செவ்வாய் என்றால் இன்றைக்குத்தான் கடைசி நாள், என் அகதி வழக்கைத் தள்ளின முடிவுக்கு இன்றைக்குள் அப்பீல் எழுதிப் போட்டால் இந்த நாட்டில் இன்னும் கொஞ்சக் காலம் மூச்சு விடலாம். திங்கள் என்றால் நேற்றோடு எல்லாம் முடிந்தது. செவ்வாய்தான். செவ்வாய் என்றுதான் எனக்கு நினைவு. போன ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கும்போது, அங்கே வருகிற எங்கள் ஊர்ப்பக்கத்துச் செசிலியா சொல்லித்தான் இந்தக் கணக்கே எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள், அடுத்தவனுக்கு வந்த கடிதத்தைப் பற்றிக் கதைக்காவிட்டால் அவளுக்குச் சோறு செமிக்காது. வேறு யாரோ ஒருவனின் கதையாகத்தான் சொன்னாள். பதிவுத் தபாலை வாங்காமல் விட்டாலும் வாங்கின கணக்குத்தானாம். ஏழு நாள் தபால் கந்தோரில் கிடக்குமாம், ஏழாம் நாள் நீ வாங்கினாய் என்று அவர்களே எழுதிக்கொள்வார்களாம், அதிலிருந்து முப்பது நாளுக்குள் அப்பீல் போடாவிட்டால் வழக்குச் செத்ததாம். "பாவம் அந்த மனுசன், எடுக்காட்டி வராது எண்டு நினைச்சிருக்கிறார்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே சட்டைப் பைக்குள் விரலை மடக்கி எண்ணத் தொடங்கினேன். ஏழும் முப்பதும் முப்பத்தேழு. அன்றையிலிருந்து இந்த நாற்காலி வரைக்கும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

தபால்காரன் வந்ததை நான் குசினி யன்னலால் கண்டேன். மஞ்சள் வண்டியை மதிலோடு சாய்த்துவிட்டு நேரே வாசல் மணிக்கு வந்தான். சும்மா கடிதம் என்றால் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போவான், மணி அடிக்கிறான் என்றால் கையெழுத்துக் கேட்கப்போகிறான் என்று அர்த்தம். எங்கள் அகதி வீட்டில் அது எல்லோருக்கும் தெரியும். என்னோடு ஒரே அறையில் இருக்கிற எரித்திரியாக்காரன் டெஸ்ஃபேக்கு அதற்கு ஒரு மாதம் முன்புதான் மணி அடித்தது. தபால்காரன் ஒரு சின்னக் கண்ணாடிப் பலகையை நீட்டினான், இவன் விரலால் கீறினான், கடிதத்தைப் பிரித்தான், அறைக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவன் இரண்டு நாள் திரும்பவில்லை. நல்ல பெடியன்தான், ஆனால் குளிர்ப்பெட்டியில் மேல் தட்டு முழுக்கத் தனக்கென்று வைத்திருக்கிறான், நான் கேட்கவில்லை, கேட்டுத்தான் தர வேண்டும் என்றால் எனக்கு வேண்டாம். அன்றைக்கு வீட்டில் நான் மட்டும்தான். அடுப்பில் மீன் தலை கொதிக்கிறது. மணி ஒருமுறை அடித்தது, கொஞ்சம் பொறுத்து இன்னொருமுறை. நான் அகப்பையைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றேன், மூச்சுக்கூட விடவில்லை, கறி கொதிக்கிற சத்தம் வாசலுக்குக் கேட்டுவிடுமோ என்று அடுப்பையும் அணைத்தேன். அவன் போனபிறகு பெட்டிக்குள் ஒரு துண்டு கிடந்தது, என் பெயர் எழுதி. அதில் திகதி இருந்திருக்கும். நான் பார்க்கவில்லை, எட்டாகக் கிழித்து மீன் செதிலோடு சேர்த்துக் குப்பைப் பையில் போட்டேன். அப்போது மனதுக்குள் ஒரு கெட்டித்தனம் வந்தது, அதை இப்போது நினைக்க உடம்பு கூசுகிறது. வலைக்கு மேலால் பாய்ந்த மீன் மாதிரி இருந்தது எனக்கு. கையெழுத்து வைக்காத கடிதம் என்னை என்ன செய்யும்? அது வந்த இடத்துக்கே திரும்பிப் போகும், ஒரு மேசையில் கிடக்கும், அதன்மேல் வேறு கடிதங்கள் விழும், நான் இங்கே தலைக்கறியும் பாணும் சாப்பிட்டுக்கொண்டு இருப்பேன். மீன் தலை. அதுதான் கணக்கு. துருக்கிக்காரனின் கடையில் பெரிய மீன்களை வெட்டுகிற நாள் செவ்வாய், தலைகளை எனக்கென்று ஒரு பையில் போட்டு வைப்பான், வெள்ளைக்காரர் தலை தின்னமாட்டார்கள். அன்றைக்கு என் கையில் மீன் மணம் இருந்தது, ஆகவே அது செவ்வாய். கறி பழையதா? இல்லை, செதில் இருந்தது, செதில் இருந்தால் அன்றைக்கு வாங்கினதுதான். ஊரில் என்றால் இவ்வளவு இழுபறி இல்லை, பிறையைப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று என்று சொல்லிவிடுவேன். இங்கே வந்து ஒன்றரை வருடத்தில் வானம் ஒரு சாம்பல் பானையைக் கவிழ்த்த மாதிரி. செவ்வாய்தான்.

முப்பத்தாறு. ஒரு தாய், இரண்டு பிள்ளைகள், தள்ளுவண்டி. தள்ளுவண்டி கதவுக்குள் போக மாட்டேன் என்கிறது, எல்லோரும் எழுந்து பிடிக்கிறார்கள், நான் எழவில்லை, எனக்கு இடுப்பு. என் இடுப்பில் என்ன நடந்தது என்று இங்கே நடந்த முதல் அகதி விசாரணையில் கேட்டார்கள், சொன்னேன். எந்தப் பக்கத்தால் அடித்தார்கள், எதனால் அடித்தார்கள், எத்தனை பேர், சொன்னேன். சொன்னதெல்லாவற்றையும் ஒரு பெண் அடித்து எடுத்து, கடைசியில் மொழிபெயர்ப்பாளர் திருப்பி வாசித்து, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என்னைக் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். இருபத்துமூன்று பக்கம். அருளப்பு, அருளப்பு, அருளப்பு, இருபத்துமூன்று தரம். பத்தாம் பக்கத்தில் எழுத்து என்னுடையது மாதிரி இல்லை, பதினைந்தில் விரல் மரத்துவிட்டது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள். அறைக்குத் திரும்பியதும் செபமாலையை எடுத்தேன். அன்றைக்குத்தான் மடு மாதாவிடம் சொன்னேன், தாயே, இதுவே கடைசி, இனி எனக்கு வாசிக்கத் தெரியாத ஒரு தாளிலும் இந்தக் கை படாது. நேர்த்தி என்றால் நேர்த்திதான். செபமாலையைக் கையில் பிடித்துச் சொன்ன நேர்த்தி. அதை எப்படித் தபால்காரனின் கண்ணாடிப் பலகைக்காக முறிப்பது? செசிலியா சிரிக்கிறாள். அவளுடைய கையெழுத்து கலியாணப் பதிவிலும் வங்கியிலும் மட்டும் விழுந்த கையெழுத்து. என்னுடையது யார் தலையில் விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது, இங்கே ஒருவருக்கும் தெரியாது, அந்த இருபத்துமூன்று பக்கத்திலும் அது இல்லை. ஊரில் பிடித்துவைத்தவர்கள் என்னிடம் கையெழுத்து வாங்கின தாளில் என்ன எழுதியிருந்தது என்று விசாரித்தவர் கேட்டார். தெரியாது என்றேன். கையெழுத்து வைத்திருக்கிறீர்கள், பிறகு விட்டிருக்கிறார்கள், ஆனால் என்னவென்று தெரியாதா என்றார். தெரியாது, சிங்களத்தில் இருந்தது என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியும், பழுதான மீனைப் புரட்டிப் பார்க்கிற பார்வை.

தெரியும். பிறகு தெரியும். சவிரிமுத்தின் மனைவி சொல்லித் தெரியும். ஒரு வள்ளம், இரண்டு பேர், வலையில் அரைவாசி அவனுடையது, அரைவாசி என்னுடையது, பதினொரு வருடம் ஒன்றாகத் தொழிலுக்குப் போனோம், அவன் அணியத்தில், நான் பின்னால். ஆமிக்காரர் என்னைக் கொண்டுபோய் ஒன்பதாம் நாள் ஒரு தாளை முன்னால் வைத்தார்கள். தமிழ் தெரிந்த ஒருவன் வந்து நின்றான், இஸ்திரி போட்டு மினுக்கின சேட்டு, தலையில் எண்ணெய், தமிழ் ஆள்தான். வாசித்துக் காட்டு என்றேன். "ஒண்டுமில்லை, உன்ரை பெயர் மட்டும்தான், ஊரும் தொழிலும். வைச்சிட்டு வீட்டை போ" என்றான். வைத்தேன். நான்காம் வகுப்பு வரைக்கும் படித்த நல்ல வட்டமான எழுத்து, அந்தக் கட்டடத்தில் நடுங்காமல் விழுந்தது, ஏனென்றால் வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னான். வீட்டுக்கு விட்டார்கள். மூன்றாம் நாள் சவிரிமுத்தைக் கொண்டுபோனார்கள். அந்தத் தாளில் என் வாயால் சவிரிமுத்து வள்ளத்தில் இயக்கத்துக்குச் சாமான் ஏற்றினான் என்று இருந்ததாம், எந்த நாள், எந்தத் துறை, எத்தனை பெட்டி என்றெல்லாம் இருந்ததாம், அடியில் என் பெயர். அவன் திரும்பி வரவே இல்லை. அவன் மனைவி என்னை ஏசியிருக்கலாம், மண் அள்ளித் திட்டியிருக்கலாம். அவள் ஒரு விடியற்காலை வந்து வலையில் சரி பாதியை வெட்டி எங்கள் வாசலில் போட்டுவிட்டுப் போனாள், ஈயக் குண்டெல்லாம் எண்ணிப் பாதி. வெட்டின வலையால் ஒன்றும் பிடிக்க முடியாது. மதலேன், என் மனைவி, அதை மடித்துக் கோழிக்கூட்டுக்கு மேலே வைத்தாள், கோழிகூட அதன் கீழே நிற்கவில்லை. பிறகும் அவர்கள் என்னிடம் வந்தார்கள், கையெழுத்து ருசி கண்டவர்கள் வராமல் இருப்பார்களா, இன்னொரு தாளோடு, இன்னொரு பெயரோடு. அதற்காகத்தான் ஓடி வந்தேன். இப்போதும் மோட்டார்சைக்கிளில் வந்து அருளப்பு எங்கே என்று கேட்கிறார்களாம். போனில் மதலேன் அதைத் தணிந்த குரலில்தான் சொல்லுவாள், பக்கத்தில் யாரோ நிற்கிற மாதிரி. திருப்பி அனுப்பினால் விமான நிலையத்திலேயே ஒரு தாள் காத்திருக்கும். இதெல்லாம் விசாரணையில் சொல்லியிருக்க வேண்டியது. சொல்லியிருந்தால் அந்தப் பார்வை மாறியிருக்குமோ என்னவோ. வாய் வரவில்லை. அடித்ததைச் சொல்லலாம், அழுததைச் சொல்லலாம், அந்தக் கையெழுத்துச் செய்ததை எப்படிச் சொல்வது?

முப்பத்தெட்டு. முப்பத்தேழு வரவில்லை, யாரோ எழுந்து போய்விட்டான், அவனுக்கும் ஏதோ ஒரு காரணம் இருக்கும். நேரம் பத்தரை. எதிர்ச் சுவரில் ஒரு தட்டு, அதில் எல்லா மொழியிலும் கையேடுகள், பச்சை அட்டை போட்டது, தமிழும் இருக்கிறது. புதிதாக வந்தவர்களுக்கான வழிகாட்டி. வந்து இறங்கின முதல் கிழமை எனக்கும் ஒன்று தந்தார்கள். நான் எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் வாசிப்பேன், ஆனாலும் வாசிக்க ஆசையாகத்தான் பிரித்தேன், எனக்கு ஒரு பழக்கம், எந்தத் தாளையும் முதலில் அடியில் பார்ப்பேன், யாருடைய பெயர் இருக்கிறது என்று. அடியில் இருந்தது. தமிழில்: க. இரத்தினசபாபதி. மூடிவிட்டேன். உலகத்தில் வேறு இரத்தினசபாபதி இல்லையா என்று முதலில் நினைத்தேன், பிறகு செசிலியாவே சொன்னாள், உங்கடை பக்கம் படிப்பிச்ச கதிரித்தம்பி வாத்தியாரின்ரை மகன் அண்ணை, முப்பது வருசமாய் இஞ்சை இருக்கிறார், மாஸ்டர் எண்டாத்தான் எல்லாருக்கும் தெரியும் என்று. மாஸ்டராம். அவன் ஒரு பிள்ளைக்கும் ஒருநாளும் ஒரு எழுத்தும் படிப்பித்தவன் இல்லை, தகப்பன்தான் வாத்தியார், யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி எங்கள் கடற்கரைப் பள்ளிக்கூடத்துக்கு வந்தவர். மகன் என்னோடு ஒரே வகுப்பு, எனக்கு முன் வாங்கில் இருப்பான். வெள்ளைச் சட்டை, பக்கத்து உச்சி. விடிய விடியச் சூடை வலையில் மீன் கழற்றிவிட்டு நான் பள்ளிக்கூடம் வருவேன், கையை மணலில் தேய்த்துத்தான் வருவேன். அவன் திரும்பி மூக்கைப் பிடித்தான். ஒருநாள் இல்லை, ஒவ்வொரு நாளும். பிறகு தகப்பனிடம் சொன்னான். தகப்பன் என்னை எழுப்பி, வாசல்படியில் ஒரு சாக்கை விரித்து, இனி உனக்கு இடம் இதுதான், காற்று அந்தப் பக்கம் போகட்டும் என்றார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. மூன்று நாள் சாக்கில் இருந்தேன். நாலாம் நாள் கடலுக்குப் போனேன். ஐம்பத்திரண்டு வருடம். எனக்கு இன்றைக்கும் அந்தச் சாக்கின் எழுத்துத் தெரியும், மா மூட்டை, நீல எழுத்து. அன்றைக்கு வாசல்படியில் இருக்காமல் உள்ளே இருந்து படித்திருந்தால் சிங்களமும் படித்திருப்பேனோ, அந்தத் தாளை வாசித்திருப்பேனோ, சவிரிமுத்து இப்போது அணியத்தில் நிற்பானோ, இப்படி இழுத்துக்கொண்டு போனால் அது எல்லாம் அந்த மூக்கில் போய்த்தான் முடிகிறது. வழிகாட்டியை நான் வாசிக்கவில்லை. அறையில் இருக்கிற அலுமாரிக்கு ஒரு கால் கட்டை, நாலாக மடித்து அதன் கீழே வைத்தேன். அலுமாரி ஆடாமல் நிற்கிறது. நான் பிறந்த ஊரின் காற்றை என் பக்கம் வராமல் திருப்பினவன், இந்த நாட்டில் எனக்கு வழி காட்டுகிறானாம்.

இப்போது எழுந்து போய் அந்தத் தட்டிலிருந்து ஒன்று எடுத்தால் என்ன? நேரம் இருக்கிறது. எடுத்தேன். பக்கத்திலிருப்பவன் ஆப்கானிஸ்தான்காரன் போல, நான் என்ன வாசிக்கிறேன் என்று எட்டிப் பார்க்கிறான், தெரியாத எழுத்தைப் பார்த்து என்ன காண்கிறானோ. ஒன்று, உங்கள் அட்டையை எப்போதும் கையில் வைத்திருக்கவும். நான்கு, விலாசம் மாறினால் உடனே அறிவிக்கவும். எழுத்து எழுத்தாகப் போகிறேன். ஏழு, விசாரணையில் வெட்கத்தினாலோ பயத்தினாலோ எதையும் மறைக்க வேண்டாம், பிறகு சொன்னால் நம்பமாட்டார்கள். ஒன்பது. பதிவுத் தபாலை வாங்க மறுக்க வேண்டாம், வாங்காவிட்டாலும் ஏழு நாளில் வாங்கியதாகவே கருதப்படும். கறுப்பு எழுத்தில், தடிப்பாக. ஒன்றரை வருடமாக அலுமாரியின் காலுக்குக் கீழே இது இருந்தது. நான் அதற்கு மேலேதான் சேட்டு மடித்து வைத்தேன். அவன் நல்லாகத்தான் எழுதியிருக்கிறான், நாசமாய்ப் போவான், நாலாம் வகுப்புப் படித்தவனுக்கும் விளங்குகிற மாதிரித்தான் எழுதியிருக்கிறான். அதுதான் இன்னும் எரிகிறது.

முப்பத்தொன்பது. உண்மையில் நான் நேற்றும் வந்தேன். நேற்று, புதன், ஒன்பது மணிக்கு முதலே வந்து இலக்கம் எடுத்து, இதே நாற்காலி இல்லை, யன்னலோரம் இருந்தேன். அறைக் கதவில் கண்ணாடி இருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து இருந்தான். தலை முழுக்க நரை, ஆனால் உச்சி அதே பக்கம், இரத்தினசபாபதிதான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மூக்குத்தண்டை இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்தான். அவ்வளவுதான். கண் நோவுக்குத் தேய்த்திருப்பான், எல்லோரும் செய்கிறதுதான், எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் என் கால் எழுந்துவிட்டது. அவனுக்கு முன்னால் போய் இருந்து, நான் கடிதத்தை வாங்கவில்லை, உன் புத்தகத்தை வாசிக்கவில்லை, இப்போது எனக்கு உதவி செய் என்று சொல்ல வேண்டும், அவன் அதை ஜெர்மனில் சொல்வான், அந்த வெள்ளைக்காரப் பெண் தலையாட்டுவாள், நான் வாசல்படியில் சாக்கில் இருப்பேன். புதன் மொழிபெயர்க்க அவனுடைய நாள், வியாழன் வேறு ஆள் என்று நோட்டீசில் போட்டிருந்தது. தபால்காரன் வந்தது செவ்வாய்தானே, வியாழன் வரைக்கும் நாள் இருக்கிறதே, ஒரு நாளில் என்ன வந்துவிடப் போகிறது என்று எழுந்து போனேன். ஏரிக்கரைக்குப் போனேன். அங்கே வெள்ளைக்காரர்களின் படகுகளுக்குத் துணி போர்த்தியிருந்தது, மழைகாலப் பிரேதங்கள் மாதிரி. பன்னிரண்டு மணி கோயில் மணி அடிக்கும்வரை இருந்தேன். மனம் நிறைவாகத்தான் இருந்தது. அவனிடம் கையேந்தவில்லை என்ற நிறைவு. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நேற்று இரவுதான் நித்திரை வந்தது.

நாற்பது போய் வந்தாயிற்று. நாற்பத்தொன்று.

உள்ளே மேசைக்குப் பின்னால் மோனிக்கா என்ற அந்தப் பெண், சட்டம் படித்தவள், பக்கத்தில் ஒரு தமிழ்ப் பிள்ளை, இங்கேயே பிறந்தது, ஆரணி என்று பெயர் சொன்னது, இருங்கோ அங்கிள் என்றது. வெளிச்சமான முகம். என் அட்டையை வாங்கி இலக்கத்தைப் பார்த்து மோனிக்கா எங்கேயோ போன் எடுத்தாள். நான் அதற்குள் எல்லாவற்றையும் சொன்னேன், மணி அடித்ததை, அடுப்பை அணைத்ததை, செவ்வாய் என்பதை. செவ்வாய் என்று மூன்று தரம் சொன்னேன். ஆரணி அதை மூன்று தரமும் சொன்னாளோ தெரியாது. மோனிக்கா போனில் கேட்டுக்கொண்டு ஒரு தாளில் திகதி எழுதினாள், அதன் கீழே இன்னொரு திகதி, கோடு போட்டாள். போனை வைத்தாள். சொல்வதற்கு முதல் என்னைப் பார்த்தாள், ஆஸ்பத்திரியில் மருத்துவர் பார்க்கிற மாதிரி.

"தபால்காரர் திங்கள்தான் வந்திருக்கிறார், அங்கிள்" என்றாள் ஆரணி. "நேற்றுத்தான் கடைசி நாள்."

துருக்கிக்காரனின் மகளுக்குக் கலியாணம். அந்தச் செவ்வாய் கடை பூட்டு என்று சொல்லித் திங்களே தலைப் பையைத் தந்தான், ஒரு இனிப்பும் தந்தான், தாளில் சுற்றி. எப்படி மறந்தேன்? இனிப்பைத் தின்றேன், கலியாணத்தை மறந்தேன். முப்பத்தெட்டு நாளாக அந்த இனிப்பு என் வயிற்றில் கிடந்திருக்கிறது, இப்போதுதான் மேலே வருகிறது. மோனிக்கா ஏதோ சொல்லிக்கொண்டு போகிறாள், ஆரணி துண்டு துண்டாகத் தருகிறாள். பிந்தினால் ஒரேயொரு வழிதானாம். உங்கள் பிழை இல்லாமல் ஏதாவது தடுத்திருக்க வேண்டும், ஆஸ்பத்திரியில் கிடந்தீர்களா, நினைவில்லாமல் கிடந்தீர்களா, நேற்று என்ன செய்தீர்கள்? மூக்கைத் துடைக்கச் சட்டைப் பையில் கையை விட்டுக் கைக்குட்டையை எடுத்தேன், கூடவே இரண்டு துண்டு மேசையில் விழுந்தது. ஒன்று இன்றைய நாற்பத்தொன்று. மற்றது இருபத்தொன்பது. மோனிக்கா அதை எடுத்தாள். இலக்கத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் திகதியும் நேரமும் அடித்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவள் நிமிர்ந்து இருந்தாள், கண்ணில் ஒரு உயிர் வந்தது, ஆரணியிடம் வேகமாகச் சொன்னாள்.

"நேற்று வந்தனீங்களா, அங்கிள்? இஞ்சை இருந்தனீங்களா? இது நல்ல சாட்சியாம். பிறகு ஏன் போனனீங்கள்? ஆராவது திருப்பி அனுப்பினவையா?"

நான் கைக்குட்டையை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். ஆரணி குரலைத் தாழ்த்தினாள், எனக்கு உதவி செய்கிற அவசரத்தில். "நேற்று மாஸ்டர்தான் நிண்டவர். அவர் உங்களை இண்டைக்கு வாங்கோ எண்டு சொன்னவரா? அப்பிடியெண்டா அப்பிடியே எழுதலாம். எங்கடை பிழை எண்டு வரும், உங்களுக்கு நாள் தருவினம். அவரின்ரை பெயரைப் போட்டு நீங்கள் ஒரு கையெழுத்து வைச்சாச் சரி."

மோனிக்கா ஏற்கெனவே விசைப்பலகையில் விரலை வைத்துவிட்டாள். ஒரு சொல் போதும். ஓம் என்ற ஒரு சொல். தலையை ஆட்டினாலும் போதும். அவனை வேலையிலிருந்து நிற்பாட்டுவார்கள், மாஸ்டர் என்று கூப்பிடுகிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு பார்ப்பார்கள், அந்த வழிகாட்டியின் அடியிலிருந்து பெயர் போகும், முதலாம் வாங்கிலிருந்து எழும்பி அவன் வாசலுக்குப் போவான், எனக்கு இந்த நாட்டில் ஒரு வருடமோ இரண்டு வருடமோ கிடைக்கும், மதலேனிடம் போனில் பயப்படாதே என்று சொல்லலாம். ஐம்பத்திரண்டு வருடமாக நான் இதைத்தானே கேட்டேன், எந்த மாதா கேட்டுத் தந்தாளோ, மேசையில் வைத்துத் தருகிறாள். அவன் செய்யாதவனா? செய்தவன்தான். இதைச் செய்யவில்லை, வேறொன்று செய்தான். ஒரு தாள், அதில் ஒரு ஆளின் பெயர், எந்த நாள், எந்த இடம், அவன் என்ன சொன்னான், அடியில் அருளப்பு. எனக்கு அந்தத் தாளின் மணம் வந்தது. சேட்டு மினுக்கினவனின் தலை எண்ணெய் மணம். வாசலில் வெட்டின வலை கிடக்கிறது, ஈயக் குண்டு எண்ணிப் பாதி.

"ஒருத்தரும் சொல்லேல்லை" என்றேன். "நானாத்தான் எழும்பிப் போனனான்."

"ஏன் அங்கிள்?"

"அது எழுதிற விஷயமில்லை, பிள்ளை."

ஆரணி அதை ஜெர்மனில் சொன்னாள். மோனிக்காவின் விரல்கள் விசையிலிருந்து மெதுவாக எழுந்தன. அவனை நான் மன்னித்தேன் என்று எவரும் நினைக்க வேண்டாம். அவன் இப்போது இந்தக் கதவால் வந்தாலும் நான் முகத்தைத் திருப்புவேன், செத்தால் செத்தவீட்டுக்குப் போகமாட்டேன், அந்தச் சாக்கை நான் குழிவரை கொண்டுபோவேன். அவனுக்காக இல்லை. மோனிக்கா இனி நடக்கப்போவதைச் சொன்னாள், மாதக் காசு நிற்கும், வேறு இடத்துக்கு மாற்றுவார்கள், எத்தனையாம் திகதிக்குள் வெளிக்கிட வேண்டும் என்று ஒரு கடிதம் வரும், பதிவுத் தபாலில் வரும், தயவுசெய்து அதை வாங்குங்கள் என்றாள். நான் தலையாட்டினேன். வெளியே பெட்டி நாற்பத்திரண்டு என்று மாறுகிற சத்தம் கேட்டது. எழும்பப் போனேன். அவள் ஒரு தாளை என் பக்கம் தள்ளினாள், பேனையையும் வைத்தாள். இங்கே வந்து ஆலோசனை பெற்றேன் என்பதற்கு ஒரு கையெழுத்து, அவர்களுடைய கணக்குக்காம், எல்லோரும் வைப்பதுதானாம். முழுக்க ஜெர்மன். நான் பேனையை எடுக்கவில்லை.

"இதிலை வேறை ஆரின்ரையும் பெயர் இருக்கோ?" என்று கேட்டேன்.

"இல்லை அங்கிள்."

"வடிவாப் பார், பிள்ளை."

அவள் தாளைத் தன் பக்கம் திருப்பி, விரலை ஒவ்வொரு வரியிலும் வைத்து, மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு என் பக்கம் திருப்பினாள்.

"ஒண்டுமில்லை அங்கிள். உங்கடை பெயர் மட்டும்தான்."

கையெழுத்து வைத்தேன்.